ஜட்கா ஓட்டின அப்பாவை குதிரைப் பந்தய மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போன கதை

பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு எழுதியே ஆகணும்னு தோணிச்சு. தம்பி இங்கிலாந்துல கேம்ப்ரிட்ஜ்ல வேலையில இருக்கான், பிள்ளைங்க லீவுக்கு நாங்க நாலு பேரும் போனோம், கூட எங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போனோம். அப்பாவுக்கு 74 வயசு. அந்தக் காலத்துல கிருஷ்ணகிரி பழையபேட்டையில எங்க தாத்தா ஜட்கா வண்டி வச்சிருந்தாரு, அப்பா பதினேழு பதினெட்டு வயசுலயிருந்தே அதை ஓட்டினவரு. ஆட்டோ வந்து சவாரி கொறஞ்ச பிறகு வண்டியை வித்துட்டு ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போயிட்டாரு. எனக்கு வெவரம் தெரிஞ்சப்போ வீட்டுல வண்டியும் இல்ல குதிரையும் இல்ல, பரண் மேல ஒரு சேணமும் கடிவாளமும் மட்டும் கோணிப்பையில சுத்தி கெடந்துச்சு. குதிரையைப் பத்தி அப்பா பேசி நான் கேட்டதே கெடையாது, நாங்களும் கேக்கல.

கேம்ப்ரிட்ஜ்லயிருந்து இருபது கிலோமீட்டர்ல நியூமார்க்கெட்னு ஒரு ஊரு. நம்ம தர்மபுரி டவுன்ல பாதி கூட இருக்காது, ஆனா அந்த ஊருல மூவாயிரம் பந்தயக் குதிரைக்கு மேல வச்சு பழக்கறாங்க. காலையில அதுங்க வரிசையா மைதானத்துக்குப் போறப்போ ரோட்டைக் கடக்க தனி இடம் இருக்கு, கார் லாரி எல்லாம் நின்னு வழி விடுது. தம்பி எங்களை வெடியக்காலமே அங்கதான் கூட்டிட்டுப் போனான். குளிர்ல மஃப்ளர் சுத்திக்கிட்டு நின்ன அப்பா கண்ணை மூடிட்டாரு. என்னப்பா தூக்கமான்னு கேட்டேன். இல்ல பாப்பா, லாடம் சத்தம் கேக்கறேன், அதோ மூணாவதா போகுதே செவலை, அதுக்கு பின்னங்கால்ல ஒரு லாடம் தளந்திருக்கு பாருன்னாரு. எனக்கு எல்லாம் ஒரே டக்டக்தான். என் பையன் (13 வயசு) அப்படியே தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அன்னைக்கு முழுக்க தாத்தா கையை அவன் விடவே இல்ல.

அப்புறம் மியூசியம். பேரு பேலஸ் ஹவுஸ், ரெண்டாம் சார்லஸ் ராசாவோட அரண்மனையில மிச்சம் இருக்கற கட்டடம். அந்த ராசா வெறும் வேடிக்கை பார்க்கறவரு இல்லயாம், 1671-ல தானே குதிரை ஏறி பந்தயத்துல ஜெயிச்சிருக்காரு. 2016-ல எலிசபெத் ராணி இதைத் திறந்து வச்சாங்க. எல்லாத்தையும் எழுதினா நீங்க படிக்க மாட்டீங்க, அதனால எங்க வீட்டாளுங்க நின்ன இடத்தை மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம், இன்னைக்கு உலகத்துல ஓடற தரோபிரெட்ங்கற பந்தயக் குதிரை சாதி அத்தனையும் ஆண்வழியில மூணே மூணு குதிரையோட வாரிசுங்க. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். மூணும் கிழக்க இருந்து இங்கிலாந்துக்குப் போன குதிரைங்க, டார்லி அரேபியன் 1704-ல சிரியாவுல அலெப்போங்கற ஊருலயிருந்து போனது. அதோட வம்சத்துல வந்ததுதான் எக்லிப்ஸ். 1764-ல சூரிய கிரகணத்தன்னைக்குப் பொறந்ததால அந்தப் பேரு, 18 பந்தயம் ஓடி ஒண்ணுல கூட தோத்ததில்ல. 1791-லயிருந்து ஒவ்வொரு குட்டிக்கும் அப்பன் யாரு ஆத்தா யாருன்னு புத்தகம் போட்டு எழுதிட்டு வர்றாங்க.

ரெண்டாவது, சுழி. அப்பா கொடுத்த முதல் கேள்வியே இதுதான், "இவங்க சுழி பாப்பாங்களான்னு கேளு பாப்பா". நான் கூச்சப்பட்டுட்டு கேக்கல, என் பொண்ணு போயி அங்க நின்ன அம்மாகிட்ட கேட்டுட்டா. அந்தம்மா சொல்றாங்க, கண்டிப்பா பாப்போம், ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, அதுல குதிரை படம் போட்டு நெத்தியில கழுத்துல எங்கெங்க சுழி இருக்குன்னு குறிப்போம், நம்ம கைரேகை மாதிரி அடையாளத்துக்குன்னு. நம்ம ஊருல ராசிக்குப் பாக்கறோம், அவங்க ஆள் மாறாட்டம் நடக்காம இருக்கப் பாக்கறாங்க. அப்பா முகத்துல அப்போ வந்த வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லங்க.

மூணாவது, ஓடற மாதிரியே ஆடற ஒரு பொம்மைக் குதிரை மெஷின். பையன் ஏறினான். பந்தயக் குதிரை ஓட்டற ஜாக்கிங்க சேணத்துல உக்கார்றதே இல்ல தெரியுமா, அங்கவடியில (சேணத்துலயிருந்து தொங்கற கால் வளையம்) கால் வச்சு முட்டியை மடிச்சு அந்தரத்துல நிக்கறாங்க. 1900-ஐ ஒட்டி இந்த முறை பரவினப்போ பந்தய நேரமே அஞ்சுலயிருந்து ஏழு சதவீதம் கொறஞ்சிடுச்சுன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காங்க. பையன் ஒரு நிமிஷம் தாங்கல, தொடை நடுங்கி எறங்கிட்டான். அப்பா சொன்னாரு, "உக்காந்தா குதிரைக்கு நோவும், நின்னா உனக்கு நோவும், அந்த நோவை யாரு எடுத்துக்கறாங்கறதுதான் சவாரி."

கடைசியா பின்பக்கம் லாயம். பந்தயத்துலயிருந்து ரிட்டயர் ஆன குதிரைங்களை வச்சு, வேற வேலைக்கு பழக்கி, நல்ல வீட்டுக்கு அனுப்பறாங்க. அங்க நடந்ததை இன்னொரு நாள் எழுதறேன், இப்ப எழுதினா அழுகை வந்துடும்.

சொல்ல வந்தது இதுதாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு குதிரை அளவு அறிவு உக்காந்திருக்கு, நாம கேக்கலன்னா அது அவங்களோடயே போயிடும். உங்க யாரு வீட்டுலயாவது இப்படி குதிரை, ஜட்கா, லாடம் சம்பந்தப்பட்ட ஆளுங்க இருந்தா இங்க எழுதுங்க.

பாலக்கோடு தக்காளி:

அக்கா நல்லா எழுதியிருக்கீங்க, அப்பாவைக் கூட்டிட்டுப் போனதுக்கு கும்பிடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும், மனசுல வச்சுக்கக் கூடாது. பிள்ளைங்களை குதிரைப் பந்தய மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போறதை என்னால ஏத்துக்க முடியல.

எங்க அப்பா ரேஸ் பைத்தியம். நான் ஏழாவது படிக்கறப்போயிருந்து வாராவாரம் வெளியூர் பஸ் ஏறிடுவாரு, எந்த ஊருன்னு எழுத வேண்டாம்னு பாக்கறேன். கக்கத்துல ஒரு ரேஸ் புக்கு, பேனாவால வட்டம் போட்டு வச்சிருப்பாரு. ஜெயிச்ச நாள்ல பிரியாணி பொட்டலம் வரும், அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாலே எங்கம்மா உள்ள போயிடுவாங்க. ஏன்னா அடுத்த வாரம் அதுக்கு மேல போகும்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு போச்சு, அப்புறம் அம்மா தாலிக்கொடி. அப்பா கெட்டவரு இல்ல. எங்களை ஒரு அடி அடிச்சதில்ல. ஆனா அந்தத் தோப்பு வழியா பஸ் போறப்போ இன்னைக்கும் நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன், மறுபக்கம்தான் பாப்பேன்.

குதிரை அழகுதான், யாரு இல்லன்னா. அந்த அழகைக் காட்டித்தானே ஆளை உள்ள இழுக்கறாங்க.

ஊத்தங்கரை வாத்தியார்:

தம்பி தக்காளி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உங்க கோபத்துல நியாயம் இருக்குது, இந்த மாநிலமே ஒரு காலத்துல அந்தக் கோபத்தோட சட்டம் போட்டிருக்குது. 1974-ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்துல பணம் கட்டறதை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்துச்சு, குடும்பங்கள் அழியுதுங்கறதுதான் காரணம். அது கோர்ட்டுக்குப் போயி இருபது வருஷத்துக்கு மேல இழுத்து, 1996-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பற சூதாட்டம் இல்ல, குதிரையோட வம்சம், பயிற்சி, ஜாக்கியோட திறமை இதெல்லாம் சேர்ந்த திறமை விளையாட்டுன்னு. அதனாலதான் கிண்டியில பந்தயம் தொடர்ந்து நடந்துச்சு. கிண்டி 1777-லயிருந்து பந்தயம் நடந்த இடம். 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி அந்த 160 ஏக்கருக்கு சீல் வச்சது, அதே வருஷம் ஊட்டி ரேஸ் மைதானத்தையும் எடுத்துக்கிட்டாங்க.

சட்டம் எப்படிச் சொன்னாலும் பணக்கணக்கு வேற, அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும். டோட்டுன்னு சொல்ற பந்தயப் பணம் கட்டற முறையில எல்லாரும் கட்டற பணம் ஒரே உண்டியல்ல விழுது. அதுலயிருந்து கிளப்பு பங்கு முதல்ல போயிடும், வரி போயிடும், மிச்சத்தைத்தான் ஜெயிச்சவங்க பிரிச்சுக்கறாங்க. 2023 அக்டோபர்லயிருந்து கட்டற முழுப் பணத்துக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர்ல அது 40 ஆச்சு. அப்படின்னா உண்டியல்ல விழற பணமே குறைஞ்சுதான் திரும்பி வரும். ஒருத்தன் ஒரு நாள் ஜெயிக்கலாம், வாராவாரம் போறவன் ஜெயிக்க வழியே இல்ல. கணக்கு வகுப்புல சதவீதம் நடத்தறப்போ நான் இதைத்தான் உதாரணமா போடறேன், பசங்க கப்புனு பிடிச்சுக்கறாங்க.

மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். தெரியாத வயசுல தெரிஞ்சுக்கறதை விட, கூட ஒரு பெரியவங்க இருக்கறப்போ தெரிஞ்சுக்கறது நல்லதுன்னு படுது.

பேட்டை பொண்ணு:

தம்பி, மனசுல வச்சுக்க என்ன இருக்கு. நீங்க எழுதினதை பையனுக்கு படிச்சுக் காட்டினேன், பேரு ஊரு சொல்லாம. அவன் கேட்ட கேள்வி, "அந்த அங்கிள் தோப்பு பக்கம் பாக்க மாட்டாராம்மா, குதிரையைப் பாப்பாரா?" எனக்கு பதில் தெரியல.

அந்த மியூசியத்துல பந்தயத்தோட கெட்ட பக்கத்தை மறைக்கலங்க. ஃப்ரெட் ஆர்ச்சர்னு ஒரு ஜாக்கி, 13 தடவை சாம்பியன், 2748 பந்தயம் ஜெயிச்சவரு. ஆளு நல்ல உயரம், எடை ஏறக் கூடாதுன்னு வயித்தைக் காயப்போட்டே ஒடம்பும் மனசும் ஒடஞ்சு, பொண்டாட்டியும் பிரசவத்துல போயிட, 1886-ல 29 வயசுல தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டாரு. ஓடறதுக்கு முன்னாடியும் ஓடி முடிச்சும் ஜாக்கியை சேணத்தோட தராசுல நிறுத்துவாங்க, நல்ல குதிரைக்கு கூடுதல் எடை வைக்கணும்னு ஈயக்கட்டி சொருகுவாங்க. அந்தத் தராசுக் கதையை கேட்டுட்டு வெளிய வந்து என் பொண்ணு சாண்ட்விச்ல பாதியை தாத்தாவுக்குக் கொடுத்துட்டா, ஏன்டின்னா "அந்த அண்ணன் சாப்பிடவே இல்லையாம்மா"ன்னா.

நாமக்கல்ல படிச்சவன்:

நான் கால்நடை டாக்டர், சொந்த ஊரு அரூர் பக்கம். அக்கா அப்பா சொன்ன லாட விஷயம் சத்தியமான உண்மை, பழகின காதுக்கு தளந்த லாடம் தனியா ஒரு சத்தம் கொடுக்கும், நாங்க குதிரையை ரோட்டுல நடக்க விட்டு கேக்கறதே அதுக்குத்தான்.

குதிரை ஒடம்பைப் பத்தி பிள்ளைங்களுக்குச் சொல்ல சில விஷயம். குதிரையால வாய் வழியா மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சல்ல ஓடறப்போ ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, கால் முன்னாடி நீளறப்போ உள்ள இழுக்கும், கால் ஊணறப்போ வெளிய தள்ளும், ரெண்டும் ஒரே தாளம். சும்மா நிக்கறப்போ நிமிஷத்துக்கு 30-40 தடவை துடிக்கற இதயம் பந்தயத்துல 200-ஐத் தாண்டிடும். மண்ணீரல்ல ரத்த அணுக்களை சேமிச்சு வச்சிருக்கும், ஓட ஆரம்பிச்ச உடனே அதை ரத்தத்துல இறக்கி விட்டுடும். இப்படி ஓடறதுக்குன்னே செஞ்ச ஒடம்பு.

ஆனா அதே ஒடம்புக்கு ரெண்டு பெரிய ஆபத்து. வாந்தி எடுக்க முடியாது, தப்பான தீனி உள்ள போனா வெளிய வர வழியே இல்ல, வயித்து நோவுலயே உயிர் போயிடும். இன்னொண்ணு கால். முட்டிக்குக் கீழ சதையே கெடையாது, எலும்பு, தசைநார், தோலு அவ்வளவுதான், அங்க ஒடஞ்சா ரத்த ஓட்டம் பத்தாது, சேர்றது கஷ்டம். மூணு கால்ல பாரத்தைப் போட்டு நின்னா மத்த குளம்பும் கெட்டுப் போகும், நாள் கணக்குல படுக்க வச்சும் காப்பாத்த முடியாது. அதனாலதான் பந்தயத்துல கால் ஒடஞ்ச குதிரையைப் பல சமயம் கருணைக்கொலை பண்றாங்க. இது பந்தயத்தோட நிஜம், இதையும் பிள்ளைங்ககிட்ட சொல்லணும்னு நினைக்கறேன். சாட்டை விஷயத்துல பிரிட்டன்ல கட்டுப்பாடு இருக்கு, சமதளப் பந்தயத்துல ஆறு தடவைக்கு மேல அடிக்கக் கூடாது, சாட்டையும் பஞ்சு வச்சதாத்தான் இருக்கணும். அது கூட வேண்டாம்னு சொல்றவங்க கட்சியிலதான் நான் இருக்கேன்.

மத்தூர் காளை:

டாக்டரண்ணா சாட்டை பத்தி சொன்னதால கேக்கறேன், நம்ம எருது விடும் விழாவை எதுல சேக்கறது? எங்க ஊருல தை மாசம் வந்தா தெருவுல கட்டை கட்டி, இத்தனை அடி தூரம்னு அளந்து, ஸ்டாப் வாட்ச் வச்சு எந்தக் காளை கம்மி நொடியில ஓடுதுன்னு பாக்கறோம். மேல ஆள் ஏறறதில்ல. சாட்டையும் கெடையாது. 2017 தமிழ்நாட்டு சட்டத்துலயே ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு கூட எருது விடும் விழான்னு பேரு போட்டே எழுதியிருக்கு, 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

எங்க வீட்டுக் காளையை எங்க அம்மா பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். அது ஓடறதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுல யாருக்கும் தூக்கம் வராது. பேட்டை அக்கா, உங்க தாத்தா காலத்துல ஜட்கா குதிரைக்கு பந்தயம் வச்சிருக்காங்களா, கேட்டுச் சொல்லுங்களேன்.

தகடூரான்:

இங்க எல்லாரும் இங்கிலாந்து குதிரையைப் பத்தியே பேசறோம், நம்ம மண்ணுல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாப்போம். பர்கூர் பக்கம் மல்லப்பாடி மலையில வெள்ளை நிறத்துல ஒரு பாறை ஓவியம் இருக்கு, ரெண்டு பேரு குதிரை மேல உக்காந்து சண்டை போடறாங்க. 1978-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க கண்டுபிடிச்சாங்க, தமிழ்நாட்டுல வெளிச்சத்துக்கு வந்த முதல் பாறை ஓவியங்கள்ல அது ஒண்ணு. நான் போயி பார்த்திருக்கேன். கோடு கோடா சின்னதா இருக்கும், மொதல்ல கண்ணுக்குத் தெரியாது, வெயில் சாயறப்போ கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தீங்கன்னா குதிரை வயிறு வளைவு தெரியும், அப்புறம் ஆளு தெரிவான், அப்புறம் கையில ஆயுதம்.

இன்னொண்ணு. சென்னை தீவுத்திடல் பக்கம் தாமஸ் மன்றோ குதிரை மேல உக்காந்த சிலை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த மனுஷன் கவர்னர் ஆகறதுக்கு முன்னாடி 1792-லயிருந்து 1799 வரைக்கும் நம்ம பாராமகால்ல (தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துக்கு அந்தக் காலத்துப் பேரு) நிலவரி அளந்துக்கிட்டு இருந்தவரு, தர்மபுரியில வீடு கட்டி தோட்டம் போட்டு இருந்தவரு. இந்த ஊரு ஏரிக்கரை வரப்பு எல்லாம் குதிரையில சுத்தினவரு. ஆனா சிலையைப் பாருங்க, சேணமும் இல்ல அங்கவடியும் இல்ல, கால் அப்படியே தொங்குது. 1839-ல வச்சது, இன்னைக்கும் சென்னைக்காரங்க அதைத்தான் காட்டிப் பேசறாங்க. இந்தத் தடவை போனா பிள்ளைங்களை நிக்க வச்சு அங்கவடி எங்கன்னு தேடச் சொல்லுங்க.

ஓசூர் ஷிப்ட்டு:

ஓசூர் மத்திகிரியில இருக்கற அரசு கால்நடைப் பண்ணையை விட்டுட்டீங்களே தகடூரான் அண்ணா. இன்னைக்கு மாட்டுப் பண்ணைன்னுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா 1824-ல அதை ஆரம்பிச்சதே பட்டாளத்துக்கு குதிரை வளக்கத்தான். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல. இந்தக் குளிர்ச்சியும் மேய்ச்சலும் குதிரைக்கு ஒத்துக்கிடுச்சுன்னு அந்தக் காலத்துலயே தேர்ந்தெடுத்திருக்காங்க. நான் டெய்லி கம்பெனி பஸ்ல அந்தச் சுவரை ஒட்டித்தான் போறேன், பத்து வருஷமா போறேன், இது தெரிஞ்ச அன்னைக்கு தான் முதல் தடவையா ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன்.

காரிமங்கலம் அம்மா:

பிள்ளைங்களா எல்லாரும் நல்லா எழுதறீங்க. எனக்குக் குதிரை தெரியாது, கொள்ளு தெரியும். எங்க மேட்டுக்காட்டுல மழை பொய்ச்ச வருஷமும் கொள்ளு கைவிட்டதில்ல. ராகி அறுத்து முடிச்ச காட்டுல வெதைச்சு விட்டா பனியிலயே வெளஞ்சுடும். "கொள்ளுன்னா வாயைத் தெறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்"னு எங்க மாமியா சொல்லுவாங்க. நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி கொள்ளு தின்னுதான் அந்தக் காலத்து ஜட்கா எல்லாம் ஓடியிருக்கும். பேட்டை பொண்ணு, உங்கப்பா கொள்ளை ஊற வச்சு போடுவாரா வேக வச்சா, கேளும்மா. நாங்க மாட்டுக்கு வேக வச்சுத்தான் போடுவோம்.

ஊத்தங்கரை வாத்தியார்:

அம்மா கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்ல. 13-ஆம் நூற்றாண்டுல பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்காரு, இங்க இருக்கற ராசாக்கள் அரபு நாட்டுலயிருந்து வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல தங்கம் கொட்டி வாங்கறாங்க, வருஷ முடிவுல அதுல நூறு கூட உயிரோட மிஞ்சறதில்லன்னு. வளக்கத் தெரியல, லாடம் அடிக்க ஆளில்ல, சோத்தையும் கறியையும் வேக வச்சுப் போடறாங்கன்னு காரணம் சொல்றாரு. அவரு எழுதினதுல மிகை எவ்வளவுன்னு ஆராய்ச்சிக்காரங்க பேசிக்கட்டும், தீனி தெரியாம குதிரை வாங்கினா பொழைக்காதுங்கறது மட்டும் டாக்டர் தம்பி சொன்னதோட ஒத்துப் போகுது பாருங்க.

நாமக்கல்ல படிச்சவன்:

ஆமா சார். அம்மா, குதிரைக்கு கொள்ளு கொஞ்சமாத்தான், ஊற வச்சோ வேக வச்சோ, பில்லோட கலந்து. குதிரை வயித்துக்கு முக்கியம் பில்லுதான். வெறும் கொள்ளைக் காய்ஞ்சபடி அள்ளிப் போட்டா உப்பிடும்.

பேட்டை பொண்ணு:

அப்பாவை பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவரு சொன்ன பதிலை அப்படியே எழுதறேன்.

காரிமங்கலம் அம்மாவுக்கு: ராத்திரியே ஊற வச்சு, காலையில ஒரு கொதி மட்டும் விட்டு, தண்ணியை வடிச்சுட்டு, கையில அள்ளி மூக்குகிட்ட வச்சுப் பாப்பாராம், புளிச்ச வாடை வந்தா குதிரைக்குப் போடாம எருமைக்குப் போட்டுடுவாராம். வடிச்ச தண்ணியில பாட்டி ரசம் வைப்பாங்களாம். குதிரையும் நாங்களும் ஒரே பானைன்னு சொன்னாரு.

மத்தூர் தம்பிக்கு: பந்தயம்னு ஒண்ணும் வைக்கல, ஆனா காவேரிப்பட்டணம் வரைக்கும் யாரு முதல்லன்னு ரெண்டு வண்டிக்காரங்க ஓட்டினது உண்டாம், தாத்தா காதுக்கு விஷயம் போயி சாட்டையாலயே அப்பாவுக்கு விழுந்துச்சாம். குதிரை வாயில்லா ஜீவன், அதுக்கு ஜெயிக்கணும்னு இல்லடா, உனக்குத்தான்னு தாத்தா சொன்னாராம்.

பாலக்கோடு தம்பிக்கும் அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கிருஷ்ணகிரியிலயும் ரேஸுக்குப் போறவங்க இருந்தாங்களாம், வெளியூர் பஸ் பிடிக்க அப்பா வண்டியிலதான் ஏறுவாங்களாம். போறப்போ பேசிட்டே வருவாங்க, திரும்பி வர்றப்போ பேச மாட்டாங்க, சில பேருக்கு வண்டிக்காசு கூட இருக்காது, நான் கேக்கவும் மாட்டேன்னாரு. "அந்தத் தம்பியோட அப்பா மாதிரி ஆளுங்களை எத்தனையோ பேரை எறக்கி விட்டிருக்கேன், ஒருத்தரையாவது ஏறாதீங்கன்னு சொல்லியிருக்கலாம்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு.

பாலக்கோடு தக்காளி:

அக்கா, அப்பாகிட்ட சொல்லுங்க, அவரு சொல்லியிருந்தாலும் எங்கப்பா ஏறியிருப்பாரு. அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. வண்டிக்காசு கேக்காம விட்டதுக்கு நான் கும்பிடறேன்.

அந்த லாயத்துல என்ன நடந்துச்சு? இன்னொரு நாள் எழுதறேன்னு சொன்னீங்க.

பேட்டை பொண்ணு:

எழுதறேன் தம்பி. அங்க ஒரு ரிட்டயர் ஆன குதிரை, நல்ல கருஞ்செவலை, நெத்தியில சின்னதா வெள்ளைப் பொட்டு. பாத்துக்கறவங்க அதைப் பிடிச்சுட்டு வந்து, பந்தயத்துல வேகமா ஓட மட்டுமே பழகின குதிரைக்கு நிக்கறதும் மெதுவா நடக்கறதும் எப்படி கத்துக் கொடுக்கறோம்னு செஞ்சு காமிச்சாங்க. முடிச்சதும் கிட்ட வரலாம்னாங்க. எல்லாரும் மூஞ்சியைத் தடவப் போனாங்க, அப்பா மட்டும் பக்கவாட்டுல போயி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல உள்ளங்கையை வச்சு சும்மா நின்னாரு. அந்தக் குதிரை தலையை இறக்கி அவரு மஃப்ளர்ல மூக்கை வச்சு மூச்சு விட்டுச்சு. அப்பாவும் அதோட மூக்குகிட்ட மெதுவா மூச்சு விட்டாரு. ரெண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம்.

வீட்டுக்குத் திரும்பறப்போ கார்லதான் சொன்னாரு. எங்க வீட்டுக் குதிரை பேரு லட்சுமியாம். வண்டியை வித்தப்போ வாங்கினவரு குதிரையும் வேணும்னு கேட்டாராம், தாத்தா கொடுத்துட்டாராம். அப்பா மூணு மாசம் வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிள்ல போயி பாத்திருக்காரு, சட்டைப் பையில வெல்லம் எடுத்துட்டு. மூணாவது மாசம் போனப்போ லாயம் காலியா இருந்துச்சாம். எங்கன்னு கேட்டதுக்கு அந்த ஆளு பதில் சொல்லலையாம். அப்பா திரும்பி வந்து வெல்லத்தை கோயில் வாசல்ல வச்சுட்டு ரைஸ்மில்லுக்குப் போயிட்டாரு. பரண் மேல அந்தச் சேணம் ஏன் இருந்துச்சுன்னு இப்பதான் எனக்குத் தெரியுது, வண்டியோட அதையும் கேட்டிருக்காங்க, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அப்பா ஒளிச்சு வச்சிருக்காரு.

பர்கூர் ஜவுளி:

படிச்சிட்டு கடையில வேலை ஓடலக்கா.

எங்க தெருவுல ஒருத்தர் கல்யாண ஊர்வலத்துக்கு ரெண்டு குதிரை வச்சிருக்காரு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மட்டக்குதிரை. வெள்ளைக்கு கொஞ்ச நாளா ஒரு கால் தாங்கித் தாங்கி வைக்குது, லாடம் அடிக்க ஆளே கெடைக்கலன்னு பொலம்பிட்டு இருக்காரு. தகடூரான் அண்ணன் மல்லப்பாடி சொன்னாரு, எங்க ஊருலயிருந்து பக்கம்தான். எல்லாரும் ஒரு ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட வந்தா என்ன? காலையில மலை, மதியம் எங்க வீட்டுல சாப்பாடு, சாயங்காலம் அப்பா அந்தக் குதிரையை ஒரு பார்வை பாக்கட்டும். டாக்டர் அண்ணனும் வந்தா இன்னும் நல்லது.

நாமக்கல்ல படிச்சவன்:

நான் வர்றேன். குளம்பு வெட்டற கத்தி, அரம் எல்லாம் என்கிட்ட இருக்கு. அதுவரைக்கும் அந்த வெள்ளையை சிமெண்டுத் தரையில கட்டாம மண்ணுல கட்டச் சொல்லுங்க, ஊர்வலத்துக்கு அனுப்ப வேண்டாம்.

தகடூரான்:

மலைக்கு காலையில வேண்டாம், வெயில் சாயறப்போதான் ஓவியம் தெரியும். காலையில கிருஷ்ணகிரி அரசு மியூசியம் பாத்துட்டு வந்துடலாம், நடுகல் எல்லாம் இருக்கு, வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறு தெறந்திருக்கும். அப்புறம் பர்கூர்ல சாப்பாடு, குதிரை, சாயங்காலம் நாலு மணிக்கு மலை. தண்ணி பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கங்க. ஓவியத்தைத் தொடக் கூடாது, தண்ணி தெளிச்சு பாக்கவும் கூடாது, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

பாலக்கோடு தக்காளி:

நானும் என் பொண்ணும் வர்றோம். அவளுக்கு ஒன்பது வயசு. குதிரையை கிட்டத்துல பாத்ததே இல்ல.

பேட்டை பொண்ணு:

அப்பா இப்பவே பரண் மேல ஏறச் சொல்லி பையனை அனுப்பிட்டாரு, சேணத்தை எறக்கி எண்ணெய் போட்டுட்டு இருக்காங்க ரெண்டு பேரும். பர்கூர் தம்பி, குதிரைக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்: அன்னைக்கு காலையில கொள்ளு போட வேண்டாம், பில்லும் தண்ணியும் மட்டும் போதும். வெல்லம் அப்பா எடுத்துட்டு வர்றாராம்.